கேபிள் செருகித்தான் இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை: எங்கிருந்து தேடுவது?

"தம்பி, ரெண்டு நாளா கம்ப்யூட்டர்ல நெட் வரலப்பா. வந்து பாத்தவரு உள்ள இருக்கற கார்டு போயிருச்சு, ஆயிரத்து எறநூறு ஆகும்னு சொல்றாரு" என்று பெரியம்மா போன் செய்தார். பேரனின் தேர்வு விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி நாள். நான் நேரில் போய்ப் பார்த்தபோது கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேபிள் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தது. வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டு, கேபிள் ஒரு நூலளவு வெளியே வந்திருக்கிறது. விரலால் அழுத்தியதும் நெட் வந்துவிட்டது. அந்த 1,200 ரூபாய் பெரியம்மாவுக்கு ஒரு மாத மருந்துச் செலவு. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்கால் ஓரமாகவே நடந்து, எந்த மடையில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். இங்கேயும் அதே வேலைதான். தெருவிலிருந்து ஃபைபர் பெட்டி, பெட்டியிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து கம்ப்யூட்டர். (பல வீடுகளில் பெட்டியும் ரவுட்டரும் ஒன்றாகவே இருக்கும்.) எங்கே நிற்கிறது என்று தெரியும்வரை எந்த செட்டிங்கையும் மாற்றாதீர்கள். இது ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள்.

விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பெரும்பாலானோர் திரையை ஆங்கிலத்தில்தான் வைத்திருப்போம் என்பதால், அங்கே வரும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

படி 1: முதலில் போனில் பாருங்கள்

போனில் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். வீட்டு வைஃபையில் மட்டும் வைத்து, இதுவரை போகாத ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை நிறுத்த மறந்துவிட்டு "போன்ல நல்லா வருதே" என்று சொல்பவர்கள் நிறைய பேர், அதனால் இதை இரண்டு முறை சரிபாருங்கள்.

போனில் வந்தால் தெருவும் பெட்டியும் நன்றாக இருக்கின்றன. கோளாறு கேபிளிலோ கம்ப்யூட்டரிலோதான். படி 2-க்குப் போங்கள். போனிலும் வரவில்லையா? கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். நேராகப் படி 3.

படி 2: கேபிளின் இரண்டு முனைகள்

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிட்டது.

கேபிளைக் கம்ப்யூட்டர் பக்கமும் ரவுட்டர் பக்கமும் கழற்றி மறுபடி செருகுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகு மெதுவாக இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. வந்தால் கிளிப் உடைந்திருக்கிறது. அதற்கு செல்லோடேப் ஒட்ட வேண்டாம், நாலு நாளில் மறுபடி கழன்றுவிடும். இரண்டு முனையும் போட்டே விற்கும் ரெடிமேட் கேபிள் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும்.

இப்போது செருகிய துளையின் ஓரத்தைப் பாருங்கள். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அங்கே கடுகளவில் ஒன்றோ இரண்டோ லைட் இருக்கும். ஒன்று நிலையாக எரியும், இன்னொன்று தரவு போய்வரும்போது படபடவென்று சிமிட்டும். கம்ப்யூட்டர் ஓடும்போது இரண்டுமே எரியவில்லை என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே மின் தொடர்பே இல்லை. அப்போது விண்டோஸில் எதை மாற்றினாலும் பயன் இருக்காது. இப்படிச் செய்யுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்:

- ரவுட்டரில் வேறொரு லான் துளையில் (வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான துளை) செருகிப் பாருங்கள்.
- வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.
- அதே கேபிளை வேறொரு லேப்டாப்பில் செருகிப் பாருங்கள்.

எதை மாற்றியதும் லைட் எரிகிறதோ, அதுதான் பழுது. மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று. பல ரவுட்டர்களில் 'வான்' என்று எழுதிய ஒரு துளை தனி நிறத்தில் இருக்கும். அது வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு. தூசி தட்டும்போது கழற்றி, கம்ப்யூட்டர் கேபிளை அதில் செருகிவிடுவது அடிக்கடி நடக்கிற விஷயம்.

கேபிள் போகும் வழியையும் ஒரு முறை நடந்து பாருங்கள். கதவிடுக்கு, கட்டில் கால், எலி. இந்த மூன்றும்தான் எதிரிகள்.

படி 3: பெட்டியின் லைட் என்ன சொல்கிறது?

ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று ஒரு லைட் உண்டு. அது சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ, தெருவிலிருந்து வரவேண்டிய ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை. எங்காவது அறுந்திருக்கலாம், அல்லது வீட்டுக்குள்ளேயே அந்த மெல்லிய ஃபைபர் ஒயர் மடங்கியிருக்கலாம். அதற்குள் இருப்பது கண்ணாடி இழை, செம்புக் கம்பி இல்லை. மேசைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருந்தால் மேசையை நகர்த்தி, வட்டமாகத் தளர்த்தி விடுங்கள். சரியானால் சரி. ஆகாவிட்டால் ஆள்தான் வரவேண்டும். ஃபைபர் முனையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல்.

'பான்' லைட் நிலையாக எரியாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால், பெட்டி நிறுவனத்தின் கருவியில் இன்னும் பதிவாகவில்லை என்று அர்த்தம். ஐந்து நிமிடம் பொறுத்தும் நிற்கவில்லையா, புகார் கொடுங்கள்.

எந்த லைட்டுமே எரியவில்லை என்றால் அடாப்டரைப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ் அடாப்டரின் முனையும் பார்க்க அதே மாதிரி இருக்கும், மாற்றிச் செருகிவிடுவோம். பெட்டிக்கு அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவும் அடாப்டரில் உள்ள வோல்ட் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக்கூடாது.

லைட்டெல்லாம் ஒழுங்காகத் தெரிந்தும் நெட் வரவில்லை என்றால் ரீஸ்டார்ட். அதற்கும் ஒரு வரிசை உண்டு. எல்லாவற்றையும் அணையுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். முதலில் ஃபைபர் பெட்டி. அதன் லைட்டுகள் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அப்புறம் ரவுட்டர். கடைசியில் கம்ப்யூட்டர்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதைக் குத்தாதீர்கள். நம் ஊர்களில் பல இணைப்புகளுக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு ரவுட்டருக்குள்தான் போடப்பட்டிருக்கும். துளையைக் குத்தினால் அதெல்லாம் அழிந்துவிடும். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய கோளாறு இரண்டு நாள் இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 4: கம்ப்யூட்டருக்கு முகவரி கிடைத்ததா?

செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் ஈதர்நெட். விண்டோஸ் 10-இல் அங்கே தெரியும் இணைப்பின் பெயரை ஒரு முறை அழுத்த வேண்டும். கீழே 'ஐபிவி4 அட்ரஸ்' என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

192.168 அல்லது 10 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். படி 5-க்குப் போங்கள்.

169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் கேட்டும் ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை. வேறு வழியில்லாமல் தனக்குத்தானே ஒரு முகவரி வைத்துக்கொண்டது. அதை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. கேபிளைக் கழற்றி, பத்து எண்ணி, மறுபடி செருகுங்கள்; புதிதாகக் கேட்கும். அப்படியும் 169.254 தான் என்றால் படி 2, 3 இரண்டையும் திரும்பப் பாருங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. எண் சரியாக இருப்பது போலத் தெரியும், ஆனால் 'ஐபி அசைன்மென்ட்' என்ற இடத்தில் 'மேனுவல்' என்று இருக்கும். முன்பு வேறு நிறுவனத்தின் இணைப்பு இருந்தபோது யாரோ கையால் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எடிட் அழுத்தி 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். இப்போதைய இணைப்புக்கே நிறுவனம் எண் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் மாற்றாதீர்கள்.

ஈதர்நெட் என்ற பக்கமே இல்லையா? விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் கட்டத்தில் என் சி பி ஏ, ஒரு புள்ளி, சி பி எல் என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஈதர்நெட் மங்கலாக இருந்தால் ரைட் கிளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள். அங்கேயும் இல்லை என்றால் டிரைவர் (அந்தக் கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) போயிருக்கலாம். போனை யுஎஸ்பி ஒயரில் இணைத்து, போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் 'டெதரிங்' வசதியைப் போட்டு, அந்த நெட்டில் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து லான் டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரிலிருந்தே யூசர்நேம் போட்டு 'கனெக்ட்' கொடுக்கும் பழைய வகை இணைப்பு வைத்திருப்பவர்கள் பிழை எண்ணைக் கவனியுங்கள். 691 என்றால் யூசர்நேம், பாஸ்வேர்டை நிறுவனம் ஏற்கவில்லை. எழுத்துப் பிழையாக இருக்கும், பணம் கட்டாமல் விட்டிருந்தாலும் வரும். 651 என்றால் பெரும்பாலும் ஒயர் கோளாறு.

படி 5: மூன்று பிங்

மறுபடி விண்டோஸ் பட்டனும் ஆர் எழுத்தும். சி எம் டி என்று தட்டினால் கறுப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம், இதில் எதுவும் அழியாது. பி ஐ என் ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, போக வேண்டிய இடத்தைக் கொடுங்கள். நான்கு முறை கேட்டுப் பார்த்துப் பதிலைக் காட்டும்.

முதலில் ரவுட்டர். பல ரவுட்டர்களுக்கு 192.168.1.1, உங்களுடையது அதன் அடியில் ஒட்டியிருக்கும். பதில் 1 மில்லிசெகண்ட் அளவில் வரவேண்டும். அடுத்து 8.8.8.8, இது கூகுளின் சர்வர். மூன்றாவதாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர்.

ரவுட்டரே பதில் தரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் தருகிறது, 8.8.8.8 தரவில்லை என்றால் வெளியே. 8.8.8.8 தருகிறது, பெயர் மட்டும் போகவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் படுத்திருக்கிறது. விண்டோஸ் 11-இல் அதே ஈதர்நெட் பக்கத்தில் டிஎன்எஸ்ஸை மேனுவலாக்குங்கள்; விண்டோஸ் 10-இல் படி 4-இல் சொன்ன என் சி பி ஏ பக்கத்தில் ஈதர்நெட்டை ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' வழியே ஐபிவி4-க்குப் போய் மாற்றுங்கள். முதல் கட்டத்தில் 8.8.8.8, இரண்டாவதில் 1.1.1.1 போட்டால் தீர்ந்தது.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. 'ரிப்ளை ஃப்ரம்' என்று வரி தொடங்கினாலே வந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். வரியைக் கடைசிவரை படியுங்கள். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று முடிந்தால் அது பதில் இல்லை. போய்ச் சேரவில்லை என்று உங்கள் கம்ப்யூட்டரோ ரவுட்டரோ சொல்வது.

நெட் வருகிறது, ஆனால் 94-ஐத் தாண்டவில்லை

என் வீட்டில் 300 எம்பிபிஎஸ் திட்டம். போனில் 250-க்கு மேல் வரும். கம்ப்யூட்டரில் எத்தனை முறை சோதித்தாலும் 94. இந்த எண்ணைப் பார்த்தாலே கேபிளைச் சந்தேகியுங்கள்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1,000 வேகத்துக்கு நான்கும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் இரு பக்கமும் பேசி 100-க்கு இறங்கிக்கொள்ளும்; அதில் நம் கைக்கு வருவது சுமார் 94. நெட் நிற்காது, அதனால் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. ஈதர்நெட் பக்கத்தில் 'லிங்க் ஸ்பீட்' 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருக்கும்.

முனையைக் கண்ணாடி வழியே பார்த்தேன். கிளிப்பைக் கீழே வைத்து, முனை நம்மை நோக்கி இல்லாமல் எதிர்ப்பக்கம் பார்த்தபடி பிடித்தால், இடமிருந்து வலமாக வழக்கமான வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. கடைசிப் பழுப்புக் கம்பி மட்டும் ஓர் அரிசி நீளம் குட்டையாக, உலோகப் பல்லைத் தொடாமல் நின்றது. முனையை வெட்டிப் புதிய முனையை அழுத்திப் பொருத்தியதும் (க்ரிம்ப் செய்வது என்பார்கள்) 290 வந்தது. கேபிளில் 1,000 வேகத்துக்கு ஏற்ற 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ரவுட்டரின் துளையே 100-க்கு மேல் போகாத பழைய வகையாக இருந்தால் கேபிளை மாற்றிப் பயனில்லை.

பிங் எல்லாம் போகிறது, தளங்கள் மட்டும் எச்சரிக்கின்றன

மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் தேதியோடு ஒத்துப்போகாததால் பிரவுசர் மறுக்கும். தேதியைத் திருத்தினால் உடனே திறக்கும். பேட்டரியின் பெயர் சிஆர் 2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

புகார் கொடுக்கும்போது

"நெட் வரல" என்று மட்டும் சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று வைத்துவிடுவார்கள். "ரெண்டு தடவ ரீஸ்டார்ட் பண்ணிட்டேங்க. எல்ஓஎஸ் சிவப்பா இருக்கு" என்றோ, "ரவுட்டருக்குப் பிங் போகுது, 8.8.8.8-க்குப் போகல" என்றோ சொல்லுங்கள். எதிரில் இருப்பவருக்கு வேலை எளிதாகும், ஆளும் சீக்கிரம் வருவார். வாடிக்கையாளர் எண்ணை ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். நெட் இல்லாத நேரத்தில் ஆப்பைத் திறந்து அதைத் தேடுவது சிரமம்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒன்று. பக்கத்து மாடியிலிருந்து செம்பு லான் கேபிளாகவே வீட்டுக்கு இணைப்பு வந்தால், மின்னல் அதன் வழியே உள்ளே வரும். மேகம் கட்டும்போதே, முதல் இடி கேட்பதற்கு முன், கரண்ட் ப்ளக்கோடு அந்த லான் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொட வேண்டாம்.