சரிவான, குறுகிய மனையில் பழைய வீட்டை விரிவாக்குதல்

குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் தாத்தா காலத்து வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்ட நினைப்பவர்கள், பெரும்பாலும் அறையின் வரைபடத்தை எடுத்துக்கொண்டுதான் மேஸ்திரியிடம் போகிறார்கள். மலைச்சரிவில் முதலில் வரைய வேண்டியது மழைநீர் போகும் வழி. 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நிலச்சரிவுகளை நேரில் கண்ட எங்களுக்கு இதில் இரண்டாம் கருத்து கிடையாது.

மனையின் இறக்கத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் டியூப் மட்டம் வைத்து அளந்துகொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் தெரியும் நீண்ட குழாயின் ஒரு முனையை ஒருவர் மேட்டிலும், மறுமுனையை இன்னொருவர் பள்ளத்தில் நட்ட கழியோடு சேர்த்தும் பிடிக்க, இரு முனைகளிலும் தண்ணீர் அசையாமல் நின்றதும் கழியில் கோடு போட வேண்டும். தரையிலிருந்து அந்தக் கோட்டின் உயரத்தில், மேட்டு முனையில் தரைக்கு மேல் தண்ணீர் நிற்கும் உயரத்தைக் கழித்தால் கிடைப்பதே இறக்கம். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் மட்டம் தவறிவிடும் என்பதால், அளப்பதற்கு முன் குழாயை நெடுகத் தட்டிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். 60 அடி நீள மனையில் 5 அடிக்கு 1 அடி இறக்கம் இருந்தால், மொத்தம் 12 அடி, அதாவது ஏறக்குறைய ஒரு மாடி உயரம். அவ்வளவு மண்ணையும் வெட்டிச் சமன் செய்வதைவிட, தரையை மூன்றடி மூன்றடியாக இறக்கி அரைமாடிகளாகக் கட்டுவதே நல்லது. பெரியவர்களின் படுக்கையறையும் ஒரு கழிப்பறையும் மட்டும் வாசல் மட்டத்திலேயே இருக்கட்டும்.

கட்டுவதற்கான அனுமதியும், மண் வெட்ட இயந்திரம் கொண்டுவருவதாக இருந்தால் அதற்கான அனுமதியும் கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். மண்வேலையை ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் முடித்துவிட வேண்டும். பழைய வீடுகளின் கடைக்கால் பெரும்பாலும் மண்சாந்தில் அடுக்கிய கருங்கல்லாக இருப்பதால், அதன் அருகே ஒரே நாளில் நெடுக வெட்டினால் சுவர் வெடித்துவிடும். நான்கடி வெட்டி, அந்த இடத்தில் தடுப்புச்சுவரை எழுப்பி, இடையில் ஒரு பகுதியைத் தொடாமல் விட்டு அடுத்த நான்கடிக்குப் போவது மெதுவான வேலைதான், ஆனால் இதில் அவசரம் வேண்டவே வேண்டாம்.

தடுப்புச்சுவரைச் சாய்ப்பதில் மண்ணைவிடப் பெரிய பங்கு, மண்ணில் தேங்கும் தண்ணீருக்கு உண்டு. 2 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் உச்சிவரை நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே 2 டன் விசையோடு தள்ளும். 3 மீட்டரானால் அது நாலரை டன். எனவே சுவரின் பின்புறம் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டும் துணி விரித்து, ஒரு மீட்டருக்கு ஒன்றாக மூன்று அங்குலக் குழாய்களை வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்துப் பதியுங்கள். கூரைத் தண்ணீரைச் சரிவில் விழ விடாமல் குழாய் வழியே பொதுவடிகாலில் சேர்க்க வேண்டும். கீழ்வீட்டுக்காரரின் சுவர்மேல் விடுவது பெரிய தவறு.

புதிய கட்டடம் முதல் சில ஆண்டுகளில் சிறிது அமரும், பழையது அமர்ந்து முடிந்திருக்கும். புதிய பீமைப் பழைய சுவரில் செருகாமல், தனிப் பில்லர்களில் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு, அதை அலுமினியத் தகட்டால் மூடினால் அங்கே விரிசல் வராது.

பக்கத்து வீடு மூன்றடி தள்ளி நிற்கும் குறுகிய மனையில் பக்கச் சன்னல்களால் பெரிய பயன் இல்லை. அரைமாடிகளின் கூரைகளுக்கு இடையே கிடைக்கும் உயர வேறுபாட்டில் கண்ணாடி வைத்தால், நடு அறைக்கும் பகல் வெளிச்சம் வரும்.

உள்பூச்சை ஒரு மழைக்காலம் கழியும்வரை தள்ளிப்போடுங்கள். ஐப்பசி மழையில் தடுப்புச்சுவரின் குழாய்களுக்கு அடியில் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் சொட்டினால் வடிகால் சரியாக இயங்குகிறது. கலங்கலாக மண் சேர்ந்து வந்தால் துணி கிழிந்திருக்கலாம், மழை ஓய்ந்ததும் அந்தப் பகுதியைத் திறந்து ஜல்லியை மறுபடி நிரப்ப வேண்டும்.