ஒரே ஸ்கிரிப்ட், இரண்டு மைஎஸ்க்யூஎல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவடி எடுப்போர் பட்டியல் கோயில் சங்கத்தின் பழைய கணினியில், மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 5.7 பதிப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சங்கத்தின் புதிய இணையதளம் ஓடுவது 8.0-இல். தைப்பூசத்துக்கு முன் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரே ஸ்கிரிப்ட் இரண்டிலும் இணைந்து, அங்கிருந்து எடுத்து இங்கே போட வேண்டும். மொரிஷியஸில், போர்ட் லூயியிலோ ரோஸ் ஹில்லிலோ சங்கத்துக்காக இந்த வேலையைக் கையில் எடுப்பவர்களுக்கு இது.

முதலில் எல்லோரும் முட்டிக்கொள்வது கடவுச்சொல்லில். 8.0 வந்தபோது, 2018-இல், உள்நுழைவு முறையின் இயல்பு மாறியது. 7.4-க்கு முந்தைய பிஎச்பி பலவற்றுக்கு அந்தப் புதிய முறை புரியாது. பயனரைப் பழைய முறைக்கு மாற்றிச் சமாளிப்பது வழக்கம். வேண்டாம், பிஎச்பியைப் புதுப்பியுங்கள். அந்தப் பழைய முறை 8.4-இல் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது, 9.0-இல் இல்லவே இல்லை.

இதுவாவது பிழைச் செய்தி காட்டி நிறுத்திவிடும். சத்தமே இல்லாமல் கெடுப்பது எழுத்துக்குறியீடு, அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாக வைத்துக்கொள்ளும் முறை. இணைப்பில் எது வேண்டும் என்று சொல்லாவிட்டால், ஸ்கிரிப்ட் சர்வரின் இயல்பை எடுத்துக்கொள்கிறது. 5.7-இன் இயல்பு, தமிழ் எழுத்தே இல்லாத லத்தீன்1. 8.0-இன் இயல்பு, எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்8எம்பி4. லத்தீன்1 இணைப்பு வழியாகத் தமிழ்ப் பெயரைப் படித்தால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக வரும். அந்தக் கேள்விக்குறிகளே புதிய டேட்டாபேஸில் போய் உட்காரும்.

நம் ஊரில் இது இன்னும் எளிதாகக் கண்ணில் படாமல் போகும். பதிவில் பிரெஞ்சு முறையில் எழுதிய பெயர்களும் இருக்கும். மேலே சாய்கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகள் லத்தீன்1-இல் உண்டு, படிக்கும்போது அவை கேள்விக்குறியாகாது. அவற்றை மட்டும் பார்த்துவிட்டு, சரி, வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மொரிஷியஸ் ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. சங்கத்துப் பட்டியலில் அது அழியக் கூடாது. இரண்டு இணைப்பையும் திறந்த கையோடு யுடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வெறும் யுடிஎஃப்8 என்று எழுதினால் மூன்று பைட் வரைதான். தமிழுக்கு அது போதும், எமோஜிக்குப் போதாது.

அடுத்தது, ஒரே லினக்ஸ் கணினியில் இரண்டு பதிப்பையும் 3306, 3307 என்ற போர்ட்களில் ஓட்டிச் சோதிப்பவர்களுக்கு. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதிப் போர்ட் 3307 கொடுத்தாலும், பிஎச்பி சாக்கெட் கோப்பு (ஒரே கணினிக்குள் இணைக்கும் வழி) வழியாகவே போகும். போர்ட் எண்ணைக் கண்டுகொள்ளாது. இரண்டு இணைப்பும் ஒரே சர்வருக்குப் போய், படித்த இடத்திலேயே எழுதும். 127.0.0.1 என்று எழுதுங்கள். இணைந்ததும் இரண்டிடமும் பதிப்பைக் கேட்டு அச்சிட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்தப் பதிப்பு எண்ணை வைத்து முடிவெடுக்கும்போது கவனம். எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாக ஒப்பிட்டால் 10 என்பது 8-ஐவிடச் சிறியதாகிவிடும். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபியின் 10 வரிசை தன்னை 5.5.5 என்ற முன்னொட்டோடு அறிவித்துக்கொள்வதும் உண்டு.

அப்புறம், 8.0-இல் சில பெயர்கள் ஒதுக்கப்பட்ட சொற்களாகிவிட்டன, அதாவது மைஎஸ்க்யூஎல் தன் கட்டளைகளுக்கே வைத்துக்கொண்டவை. ரேங்க், குரூப்ஸ் என்ற நெடுவரிசைகள் இருந்தால் பேக்டிக் (`) குறிக்குள் எழுதுங்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு 0000-00-00 என்று போட்டிருந்தால் அதை NULL, அதாவது மதிப்பே இல்லை என்ற குறியாக மாற்றி அனுப்புங்கள். அதற்காகப் தவறான மதிப்பை மறுக்கும் புதிய சர்வரின் கண்டிப்பு முறையையே அணைத்துவிடாதீர்கள்.

முழுப் பட்டியலையும் ஓட்டுமுன் மூன்று வரிகள் போதும்: ஒரு தமிழ்ப் பெயர், ஒரு பிரெஞ்சுப் பெயர், தேதி இல்லாத ஒருவர். மூன்றும் அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று கண்ணால் பாருங்கள்.