"நன்றி: கூகுள்" என்று அடிக்குறிப்பு போடாதீர்கள்

எந்த ஆய்வேட்டைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களில் இருக்கும் துணைநூற்பட்டியலைத்தான். அச்சு நூல்கள் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என்று ஒழுங்காக இருக்கும். அப்புறம் "இணையதளங்கள்" என்று ஒரு தலைப்பு வரும், அதன் கீழே ஏழெட்டுத் தளங்களின் முகப்பு முகவரி மட்டும் இருக்கும், சிலவற்றில் கூகுளின் பெயரும் சேர்ந்திருக்கும். கூகுள் தேடிக் கொடுத்த கருவி, அது ஆதாரம் ஆகாது. முகப்பு முகவரியாலும் பயனில்லை. லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் உள்ள தமிழ் விக்கிப்பீடியாவின் முகப்பைக் கொடுத்தால் படிப்பவர் எதைத் தேடுவார்? நீங்கள் படித்த அந்த ஒரு பக்கத்தின் தலைப்பு, எழுதியவர், வெளியான தேதி, தளத்தின் பெயர், முழு முகவரி எல்லாம் வேண்டும்.

பார்த்தால் தவறு மாதிரியே தெரியாத ஒன்று உண்டு, எனக்கு அதிகம் வருத்தம் தருவது அதுதான். புறநானூற்றின் 192ஆம் பாடலை ஒரு மாணவர், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்கோப்பில் படிக்கிறார், அங்கிருந்தே வரிகளை எடுத்து ஒட்டுகிறார், ஆனால் பட்டியலில் "உ.வே.சா. பதிப்பு, 1894" என்று போடுகிறார். அச்சு நூலைக் காட்டினால்தான் மதிப்பு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தப் பதிப்பை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. தட்டச்சு செய்தவர் ஓர் எழுத்தை விட்டிருந்தாலும், வேறொரு பதிப்பின் பாடத்தை எடுத்திருந்தாலும், அந்தப் பழி உ.வே.சா. தலையில் போய் விழும். 1998 முதல் தன்னார்வலர்கள் உழைத்து உருவாக்கிய மின்தொகுப்பு மதுரைத் திட்டம், அதன் பெயரைச் சொல்வதில் என்ன குறைச்சல்? எந்த அச்சு நூலைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள் என்ற விவரம் பல கோப்புகளிலேயே இருக்கும். பாடல் எண், அடி எண், மின்கோப்பின் பெயர், அதன் மூலப்பதிப்பு என்று எழுதுங்கள், அதுதான் நேர்மை.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ, ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் "நூலகம்" என்ற தளத்திலோ பக்கம் பக்கமாகப் படமெடுத்த நூலைப் படித்திருந்தால் சங்கதி வேறு. அங்கே நீங்கள் பார்ப்பது அச்சுப் பக்கத்தையே. ஆனால் பக்க எண்ணில் கவனம் வேண்டும்: முன்னுரை, பதிப்புரை எல்லாம் சேர்ந்து திரையில் 47 என்று காட்டும், தாளில் 23 என்று அச்சாகியிருக்கும். குறிக்க வேண்டியது தாளில் உள்ள 23.

அடுத்து, இணையப் பக்கத்தை நீங்கள் பார்த்த நாள். எப்போதும் போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். மேற்கோள் காட்டும் முறையைச் சொல்லும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) கையேட்டின் 7ஆம் பதிப்பு, மாறிக்கொண்டே இருக்கக்கூடிய பக்கங்களுக்கு மட்டும் கேட்கிறது. என்னைக் கேட்டால், சந்தேகம் வரும் இடத்தில் எல்லாம் போட்டுவிடுங்கள். விக்கிப்பீடியா என்றால் நாளோடு நிற்காமல், பக்கவாட்டுக் கருவிகளில் இருக்கும் நிலையான இணைப்பை எடுங்கள். நாளை யாராவது கட்டுரையைத் திருத்தினாலும் நீங்கள் படித்த வடிவம் அங்கே அப்படியே திறக்கும். மற்ற தளங்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை, பக்கங்கள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் கொடுத்த இணைய முகவரிகளில் ஏறத்தாழ பாதி, சொன்ன தகவலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். அதனால் முக்கியமான பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் படித்த அன்றைக்கே சேமித்து, அந்த முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆய்விதழ்க் கட்டுரைக்கு டிஓஐ எண் இருந்தால் (கட்டுரைக்கென்று தரப்படும் நிலையான அடையாள எண், 10 என்று தொடங்கும்) அதைக் கொடுத்தால் போதும், இதழின் தளம் மாறினாலும் பெரும்பாலும் அது வழிகாட்டும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் மின்களஞ்சியமான ஷோத்கங்காவில் ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் நிலையான முகவரி தனியாக இருக்கிறது, அதை எடுங்கள். கல்லூரி நூலக லாகின் வழியாகத் திறந்த பக்கத்தின் முகவரியைக் கொடுக்காதீர்கள், வெளியில் இருப்பவருக்கு அது திறக்காது.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. சாட்ஜிபிடியிடம் "இந்தத் தலைப்புக்கு 20 மேற்கோள் கொடு" என்று கேட்டு, வந்ததை அப்படியே ஒட்டுவது. ஆசிரியர், இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும், ஆனால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. 2023இல் நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. நீங்கள் திறந்து படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பட்டியலை நண்பருக்கு அனுப்பி, எந்த லாகினும் இல்லாத அவருடைய போனில் ஒவ்வொரு முகவரியாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் ஆகும். திறக்காதவற்றை அன்றைக்கே சரிசெய்துவிடலாம், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) புறத்தேர்வாளர் கேட்கும்போது முடியாது.