மெக்கானிக்கல் பிஎச்.டி: கைடுக்குச் சரி சொல்லும் முன் மூன்று கேள்வி

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்திலிருந்து அமெரிக்கா வந்திறங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு முதல் மாத வேலைகள் கொஞ்சம்தான். பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தந்த ஐ-20 படிவத்தில் உள்ள ஆரம்பத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு வந்து பத்து நாள் கழித்துப் போங்கள். முந்திப் போனால் சிஸ்டத்தில் உங்கள் விவரம் ஏறியிருக்காது. செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸ் வேலை வாரம் 20 மணி நேரம்தான். இதையெல்லாம் அலுவலகமே மெயில் மேல் மெயில் போட்டுச் சொல்லிவிடும்.

யாரும் சொல்லாதது கைடு விஷயம். ஊரில் ஜே.ஆர்.எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் பணம் மாணவர் பெயரில் வரும். இங்கே ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்) சம்பளம் கைடு வாங்கிய கிராண்டிலிருந்து, அதாவது ஆராய்ச்சி நிதியிலிருந்து வருகிறது. அந்த கிராண்டின் நிபந்தனை உங்களையும் கட்டும்.

ஜெட் எஞ்சின், ராக்கெட், ஹைப்பர்சோனிக் பக்கம் போகிறவர்கள் கவனியுங்கள். ஐடார் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ராணுவப் பொருளின் தொழில்நுட்ப விவரத்தை, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவருக்குக் காட்டினாலே ஏற்றுமதிதான். டிராயிங் இந்த நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. ஒரே லேபில் இரண்டு புராஜெக்ட் ஓடும். ஒன்றில் எல்லோரும் இருக்கலாம். இன்னொன்று ஐடாருக்குள் வரும்; அதன் மீட்டிங்குக்கு உங்களுக்கு அழைப்பு வராது, சோதனை ரிக் இருக்கும் அறைக்கு உங்கள் கார்டு வேலை செய்யாது. முதல் புராஜெக்ட் இரண்டாம் வருடம் முடிந்து, அடுத்த பணம் கட்டுப்பாட்டோடு வந்தால் நீங்கள் டி.ஏ. (வகுப்பு உதவியாளர்) வேலைக்குத் தள்ளப்படுவீர்கள்; தீசிஸ் நடுவழியில் நிற்கும். "பார்த்துக்கொள்ளலாம்" என்று கைடு சொல்வதை நம்பி உட்கார வேண்டாம். நம்மூர் 'சார் பாத்துப்பார்' பழக்கம் இங்கே செல்லாது.

பாதுகாப்புத் துறைப் பணம் என்றாலே ஓடவும் வேண்டாம். அந்தத் துறை 6.1 என்று வகைப்படுத்திய அடிப்படை ஆராய்ச்சி பெரும்பாலும் எல்லோரும் சேரக்கூடிய திறந்த வேலைதான். தேசிய அறிவியல் அறக்கட்டளைப் பணமும் அப்படியே. 6.3 (மேம்பட்ட தொழில்நுட்ப உருவாக்கம்) வகையிலோ, கம்பெனி வழியாகத் துணை ஒப்பந்தமாகவோ வருவதைத்தான் துருவிப் பார்க்க வேண்டும். பேப்பர் போட ஸ்பான்சரின் (பணம் தருபவரின்) அனுமதி கட்டாயம் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், ஏற்றுமதிக் கட்டுப்பாட்டிலிருந்து அடிப்படை ஆராய்ச்சிக்குள்ள விலக்கு அத்தோடு போய்விடும்.

ஆகவே சரி சொல்லும் முன் மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது: என் சம்பளம் எந்த கிராண்ட், அது எப்போது முடிகிறது? வெளிநாட்டவர் சேரத் தடை உண்டா? பேப்பருக்கு ஸ்பான்சர் அனுமதி வேண்டுமா? பதில் மழுப்பலாக வந்தால் பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்கலாம், அதில் தப்பே இல்லை. லேப் இணையப் பக்கத்தையும் பாருங்கள். பத்து மாணவரில் ஒருவர்கூட வெளிநாட்டவர் இல்லையென்றால் காரணம் இருக்கும்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால் குவாலிஃபையருக்கு (பிஎச்.டி தகுதித் தேர்வுக்கு) முன்பே கிளம்புவது நல்லது. அதே துறைக்குள், அதே பிஎச்.டி-யில் கைடு மாறுவதால் விசா போகாது. ஆனால் சம்பளம் விடுபடாமல் தொடர கிராஜுவேட் கோஆர்டினேட்டரிடம் முதலில் பேசிவிடுங்கள். புதிய லேப் தேடும்போது கைவேலை தெரிந்ததை மறைக்காதீர்கள். வியாசர்பாடி எஸ்டேட் லேத்தில் நின்றவருக்கு எக்ஸ்பெரிமென்ட் லேபில் தனி மதிப்பு. சிமுலேஷன் மட்டும் தெரிந்தவர்கள் இங்கே ஏராளம். ஒன்று மட்டும்: மெஷின் ஷாப்பில் பேச்சு அங்குலத்தில் நடக்கும். 'தௌ' என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 'அஞ்சு தௌ' என்றால் 0.127 மி.மீ. டிராயிங்கில் யூனிட்டைப் பார்க்காமல் டயலைத் தொடாதீர்கள்.