கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்த நாயை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

எங்கள் சிட்டுவுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தது சென்ற ஜூன் மாதத்தில். சிட்டு இரண்டு வயது நாட்டு நாய். எடை 14 கிலோ. சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. தொல்லை வந்ததெல்லாம் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, நாங்கள் செய்த ஒரே ஒரு தவற்றால்தான். மருத்துவர் சொல்லி அனுப்பும் நான்கைந்து வார்த்தைகளுக்குள் அடங்காத செய்திகள் அடுத்த 14 நாட்களில் நிறைய இருப்பதால், முதல்முறை இதைச் செய்கிறவர்களுக்காக, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். மருந்தும் அதன் அளவும் நாய்க்கு நாய் மாறும் என்பதால், அவற்றுக்கு உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை மட்டுமே பின்பற்றுங்கள்.

முதலில் இடத்தைத் தயார் செய்யுங்கள்

வாசலிலோ மாட்டுக் கொட்டகையிலோ படுத்துப் பழகிய நாயாக இருந்தாலும், இந்த இரண்டு வாரமும் அது வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். கட்டில், நாற்காலி, படிக்கட்டு என்று தாவி ஏற எதுவும் இல்லாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, கோரைப்பாய் விரித்து, அதன் மேல் துவைத்த பருத்திப் புடவையை மடித்துப் போடுங்கள். புடவை வெளிர் நிறமாக இருப்பது நல்லது. ஒரு சொட்டு இரத்தமோ நீரோ கசிந்தாலும் அதில் உடனே தெரிந்துவிடும். அதன் மேல் கொசுவலையைக் கட்டிவிடுங்கள். அது எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் இரவு

மயக்கம் முழுதாகத் தெளியும் வரை நாய் தள்ளாடும், முனகும், கண்ணைப் பாதி திறந்தபடியே கிடக்கும். இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. உடல் சூடு குறைந்து நடுங்கும்போது போர்வை போர்த்தினால் போதும். வெந்நீர்ப் பையை நேரடியாக வைக்காதீர்கள். மயக்கத்தில் இருக்கும் நாயால் சுட்டாலும் விலக முடியாது. நிமிர்ந்து உட்கார்ந்து, நம்மை அடையாளம் கண்டு வாலை ஆட்டிய பிறகு, இரண்டு மூன்று வாய் தண்ணீர் வையுங்கள். அது வயிற்றில் தங்கினால், வழக்கமாகக் கொடுப்பதில் கால் பங்கு சோறு போதும். ஒருமுறை வாந்தி எடுப்பது இயல்பு. திரும்பத் திரும்ப எடுத்தால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

அன்றிரவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஈறைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் ஒரு கணம் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு வெளிறிக் கிடந்தாலோ, நிறம் திரும்ப நேரம் எடுத்தாலோ, வயிறு உப்பிக்கொண்டு வந்தாலோ, உள்ளே இரத்தம் கசிகிறது என்று சந்தேகித்து விடியும் வரை காத்திராமல் கிளம்பிவிட வேண்டும். நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாகவே இருக்கும். சிட்டுவுக்கும் அப்படித்தான் என்பதால், அவளுடைய கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்துச் சிவப்பைப் பார்த்தேன்.

வலி என்று நினைத்து, வீட்டில் நமக்கு வைத்திருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை நாயின் ஈரலையோ சிறுநீரகத்தையோ வயிற்றையோ கெடுத்துவிடும்.

கோன்: நாங்கள் தவறிய இடம்

கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைத்தான் எல்லோரும் கோன் என்கிறார்கள். அதை மாட்டிய முதல் இரண்டு நாள் சிட்டு கதவு நிலையில் முட்டினாள், நின்ற இடத்திலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். ஐந்தாம் நாள் இரவு என் அம்மா, "பாவம்டி, ராத்திரி மட்டுமாவது கழட்டி விடு, நல்லா தூங்கட்டும்" என்றார். நானும் கழற்றினேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது ஆறு தையலில் இரண்டு அறுந்திருந்தன. கறுப்பு நூல் புடவையில் கிடந்தது. தோல் ஒரு விரல்நகம் அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. உள்தையல் பிடித்திருந்ததால் தப்பித்தோம். மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து, மறுபடி ஊசி போட்டு இரண்டு தையல் போட்டார். நாட்களை அன்றிலிருந்து மீண்டும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. புண் ஆறத் தொடங்கும்போது அரிக்கும். அரிக்கும்போது நாய் நக்கும். நக்கினால் ஈரமாகித் தையல் நெகிழும், பிறகு பல்லால் இழுக்கும். ஆகவே நாய் சுறுசுறுப்பாகத் தெரிகிற நான்காம் நாள் முதல் எட்டாம் நாள் வரைதான் கோன் மிக அவசியம்.

கடையில் கழுத்தளவை மட்டும் கேட்டுக் கோன் கொடுப்பார்கள். நீளத்தையும் நாம் அளந்து சொல்ல வேண்டும். கழுத்துப் பட்டையிலிருந்து மூக்கு நுனி வரை அளந்து, அதோடு இரண்டு அங்குலம் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் நாட்டு நாய்க்கு முகம் நீளம். கழுத்துக்கும் கோனுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். காற்றடைத்த வளையம் போன்ற மெத்தையையும் வாங்கிப் பார்த்தேன். உடலை வளைத்து வயிற்றை எட்டிவிடும் நாய்க்கு அது பயன்படாது என்பது என் உறுதியான கருத்து. பழைய பனியனை வெட்டி வயிற்றில் கட்டுவது கோனோடு சேர்த்துச் செய்தால் நல்லது. கோனுக்குப் பதிலாகச் செய்யக் கூடாது. சாப்பாட்டுத் தட்டு கோனின் வாயைவிடச் சிறியதாக இருந்தால், நாய் கோனைத் தட்டின் மேல் கவிழ்த்துக்கொண்டு தானாகவே சாப்பிடப் பழகிவிடும்.

தையலும் ஈயும்

காலையும் மாலையும் நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, தொடாமல் பார்த்தாலே போதும். முதல் இரண்டு நாள் ஓரங்கள் லேசாகச் சிவந்திருப்பதும் சற்றுத் தடித்திருப்பதும் இயல்பு. சீழ், கெட்ட நாற்றம், நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கம், விலகும் ஓரங்கள் ஆகியவை இயல்பல்ல. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலும் அழைத்துச் செல்லுங்கள். நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 வரை இருக்கும் என்பதால், தொட்டுப் பார்த்து எடுக்கும் முடிவு தவறாகிவிடும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால், பினாயில் எதையும் தடவாதீர்கள். மருத்துவர் கொடுத்த களிம்பைத் தவிர வேறெதுவும் தையலுக்குத் தேவையில்லை.

இப்போது கொசுவலைக்கு வருகிறேன். மாம்பழப் பருவத்தில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஈயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தோப்பில் அழுகி விழும் பழமும் மாங்கூழ் ஆலைக் கழிவும் சேர்ந்து வீட்டுக்குள்ளேயே ஈ மொய்க்கும். இந்த ஈக்களில் சில ஈரமான புண்ணில் முட்டையிடும். ரவையை ஒட்டவைத்தது போல வெள்ளையாகத் தெரியும் அந்த முட்டைகள் ஒரே நாளில் பொரித்துப் புழுவாகிவிடும். வெள்ளையாக எதையாவது பார்த்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அவசரம் இல்லாவிட்டால், நம் மாவட்டத்தில் இந்தச் சிகிச்சையைக் கார்த்திகை, மார்கழிக்குத் தள்ளி வைப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

உணவும் நடையும்

இரண்டாம் நாளிலிருந்து வழக்கமான உணவு கொடுக்கலாம். எங்கள் வீட்டில் ராகிக் களியை மோரில் கரைத்தும், வேகவைத்த கோழியோடு சோற்றைப் பிசைந்தும் கொடுத்தோம். வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பை ஊற்றாதீர்கள், அவை நாய்க்கு நஞ்சு. முதல் நாளுக்குள் சிறுநீர் கழிக்க வேண்டும். மலம் கழிக்க மூன்று நாள் ஆனாலும் கவலைப்பட வேண்டாம். வெளியே அழைத்துப் போகும்போது குட்டைக் கயிற்றில் பிடித்து, வேலை முடிந்ததும் திரும்பிவிடுங்கள். குளியல் கூடாது.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், தன் நாய்க்கு வெளியே தையலே தெரியவில்லை, அப்படியானால் கோன் எதற்கு என்று கேட்டிருந்தார். சில மருத்துவர்கள் தானாகக் கரையும் நூலால் தோலுக்கு அடியில் தைப்பார்கள். பிரிக்க வேண்டிய வேலைதான் மிச்சமே தவிர, தோல் ஒட்டுவதற்கு அதே 10 முதல் 14 நாட்கள் ஆகும். கோனும் அதே அளவு நாட்கள் இருக்க வேண்டும்.

இன்னொருவர், கோனின் விளிம்பு உராய்ந்து கழுத்தில் மயிர் கொட்டிவிட்டதாக எழுதியிருந்தார். கழுத்துப் பக்க விளிம்பில் பஞ்சை வைத்துத் துணியால் சுற்றித் தைத்துவிடுங்கள். நாள்தோறும் ஒருமுறை, நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து நாயின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடம் மட்டும் கோனைக் கழற்றி, கழுத்தை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு மறுபடி மாட்டுங்கள். சிட்டுவுக்குத் தையல் பிரித்த அன்றும், ஊசி குத்திய துளைகள் மூடுவதற்காக மேலும் இரண்டு நாள் கோன் இருக்கட்டும் என்று மருத்துவர் சொன்னார். அந்த இரண்டு இரவும் நான் அதைக் கழற்றவில்லை.