வாரம் ஒருநாள் மாத்திரை: மருந்தாளுநரின் உதவியோடு பிசகில்லாமல் போடுவது எப்படி?

அம்மாவுக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் எடுக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தவறி தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

1. மருந்துச்சீட்டோடு வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு, கூட்டமில்லாத மதிய நேரத்தில் கடைக்குப் போங்கள். மருந்தாளுநரிடமே காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் இதோடு சேரவே கூடாது. வலி மாத்திரையையும் நாமாகக் கூட்டக் கூடாது.

2. எண்ணிக்கையை நம்பாதீர்கள், மில்லிகிராமைப் பாருங்கள். நாங்கள் தடுமாறியது இங்கேதான். அம்மாவுக்கு வாரம் 15 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு. ஒருமுறை வேறு கடையில் வாங்கினோம். அட்டையை வெட்டிக் காகித உறையில் போட்டுத் தந்தார்கள். பெயரும் அளவும் வெட்டிய துண்டோடு போய்விட்டன. அம்மா வழக்கம்போல ஆறை உள்ளங்கையில் எடுத்துவிட்டார். மாத்திரை பெரிதாக இருக்கிறதே என்று தோன்றி, வழக்கமான கடைக்குக் கொண்டு ஓடினேன். எல்லாம் 10 மில்லிகிராம்! ஆறும் சேர்ந்தால் 60. அன்று எங்கள் மருந்தாளுநர் சொன்னதை அப்படியே பின்பற்றுகிறோம்: முழு அட்டையாக வாங்குங்கள், எப்போதும் ஒரே அளவில் கேளுங்கள், உறைமேல் கிழமையையும் எண்ணிக்கையையும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. மெத்தோட்ரெக்சேட்டின் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் வைட்டமினான ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் சொன்ன வேறொரு நாளில் போடுங்கள். எங்களுக்குக் கிடைப்பவை இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள், அதனால் தனித்தனி டப்பா. ஏழு அறை மாத்திரைப் பெட்டி இந்த மருந்துக்கு வேண்டவே வேண்டாம். கைப்பேசி அலாரத்தைவிட எனக்குப் பிடித்தது சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். ஞாயிறு தாள் சிவப்பு, அன்றைக்கு மாத்திரை.

4. ரத்தப் பரிசோதனைத் தேதியையும் அதிலேயே குறித்துவிடுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: பொங்கல், தீபாவளித் தாள்களும் சிவப்புதானே என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். உண்மைதான், எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது மாத முதலிலேயே ஞாயிறு தாள்களில் மட்டும் பேனாவால் பெரிதாக ‘6’ என்று எழுதிவிடுகிறேன். போட்டதும் அம்மா அதை அடித்துவிடுகிறார்.