இரைப்பை சிறுத்த பிறகு வீட்டில் நடக்கும் தவறுகள்

அக்காவுக்கு உடல் பருமனுக்கான ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாவது நாள். இரண்டு வாரங்களுக்குத் திரவ உணவு மட்டும் என்று மருத்துவமனையில் தாளில் எழுதியே கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. ஓர் இட்லியைச் சாம்பாரில் குழைத்துக் கொண்டுவந்து, "ஒரு வாய்தானே" என்றார். நானும் தடுக்கவில்லை. மூன்றாவது வாயிலேயே அக்காவுக்கு நெஞ்சுக்குழியில் கல் அடைத்தது போல வலி எடுத்தது. நுரை நுரையாக வாந்தி. படுக்க முடியாமல் இரவு முழுவதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் மருத்துவர் பார்த்து, உள்ளே தையல் எங்கும் கசியவில்லை என்று சொல்லும் வரை எங்கள் வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சாப்பிட்டாயா என்று கேட்பதுதான் நம் வீடுகளில் நலம் விசாரிப்பு. நோயாளி ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டால் தேறிவிட்டார் என்று பொருள். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கணக்கு செல்லாது. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கையும் அதற்கு மேலும் நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரப்பது நீக்கப்பட்ட அந்தப் பகுதியில்தான். பைபாஸ் என்ற இன்னொரு இரைப்பை அறுவை சிகிச்சை முறையில் முட்டை அளவு சிறு பை மட்டும் மேலே விடப்பட்டு, நேராகச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. எந்த முறையானாலும் ஆறிக்கொண்டிருக்கும் நீண்ட தையல் ஒன்று உள்ளே இருக்கிறது. பல மாதங்களுக்குப் பசி சரியாகத் தெரியாது. உடம்பு கேட்கும்போது கொடுக்கலாம் என்று காத்திருந்தால் அது கேட்காது. கடிகாரத்தையும் அளவையும் பார்த்தே கொடுக்க வேண்டும்.

முதல் சில வாரங்களின் உணவு வரிசையைத் தாண்டிக் குதிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முதலில் தெளிந்த நீர், பிறகு மோர், பால், பருப்புத் தண்ணீர் போன்றவை, அடுத்துக் கூழாக மசித்தவை, அதன் பின் மென்மையானவை, ஆறு முதல் எட்டு வாரங்களில் கெட்டி உணவு. ஏறத்தாழ இதுதான் வழக்கம். நாட்கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். உங்களுக்குக் கொடுத்த தாளே உங்களுக்கு வேதம். கெட்டி உணவுக்கு வந்த பிறகும் பொலபொலவென்ற சோறு, ரொட்டி, உலர்ந்த கோழிக்கறி ஆகியவை பலருக்குத் தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கமே எதிரி. அண்ணாந்து ஊற்றிக் குடித்தால் மடக்கு பெரிதாக இறங்கும், காற்றும் சேர்ந்து போகும். இந்த ஒரு காலத்துக்காவது வாய் வைத்து, சிறு சிறு மிடறாகக் குடிக்க வேண்டும். ஆனால் நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது. மிடறு மிடறாக ஒன்றரை லிட்டர் என்பது நாள் முழுக்கச் செய்யும் வேலை. அளவுக் கோடு போட்ட பாட்டில் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்தோம். வீட்டுக்குப் போனவர்கள் மீண்டும் மருத்துவமனைக்கு வருவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று உடலில் நீர் வற்றுவது. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும்.

அடுத்தது கஞ்சி. நோயாளி என்றால் நமக்குக் கஞ்சிதான் நினைவுக்கு வரும். ஒரு தம்ளர் அரிசிக் கஞ்சியில் புரதம் ஒன்றிரண்டு கிராம்கூடத் தேறுவது கடினம். இவர்களுக்கு நாளைக்குத் தேவை 60 கிராம், பலருக்கு அதற்கும் மேல். அது கிடைக்காவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். முட்டை ஒன்றில் ஆறு கிராம், ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே சிறிய கிண்ணத்தில் முதலில் இறங்க வேண்டியது முட்டை, பன்னீர், மீன், பருப்பு. சோறு கடைசியில். சைவர்களுக்குப் புரதப் பொடி இல்லாமல் முதல் மாதங்களைக் கடப்பது சிரமம். மூன்றாவது, நான்காவது மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிரும்போது எண்ணெய் தேடி ஓடாதீர்கள். வேகமாக எடை குறைவதால் வரும் உதிர்வு அது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் முடி திரும்ப வளரும்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். "ஆபரேஷன் ஆன வயிறு, வாந்தி வரத்தான் செய்யும்" என்று சொல்லிக்கொண்டு நாட்களைக் கடத்துவது மிக ஆபத்தான தவறு. வைட்டமின் பி1, அதாவது தயமின், நம் உடலில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பு நிற்பதில்லை. தீட்டிய அரிசியையே உண்டு வாழ்ந்த ஆசிய நாடுகளில் ஒரு காலத்தில் பெரிபெரி என்ற நோய் பரவியதற்குக் காரணம் இந்தச் சத்துக் குறைவுதான். அதே குறைவு இன்று, உடல் பருமன் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தொடர்ந்து வாந்தி எடுக்கும் நோயாளிகளுக்கு வருகிறது. நடை தள்ளாடும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சில் குழப்பம் வரும். மூளையைத் தாக்கும் இந்த நிலைக்கு வெர்னிக்கே என்று பெயர். தாமதித்தால் நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். இந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது அதை மோசமாக்கக்கூடும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று போகிறவர்கள், என்ன அறுவை சிகிச்சை நடந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். அக்காவின் பணப்பையில் சிகிச்சையின் பெயர், தேதி, மருத்துவரின் எண் எழுதிய அட்டை ஒன்று இப்போதும் இருக்கிறது.

"பச்சை உடம்பு, எழுந்திருக்காதே" என்பது அடுத்த அன்புத் தவறு. அசையாமல் படுத்திருந்தால் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையலாம்; அது நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ நடக்க வைப்பது அதனால்தான். வீட்டுக்கு வந்தும் மணிக்கொரு முறை கூடத்துக்குள் நடக்கட்டும். தண்ணீர்க் குடம் தூக்குவதுதான் கூடாது, சில வாரங்களுக்கு. ஓய்வாக இருக்கும்போதும் நாடி 120க்கு மேல் ஓடுவது, காய்ச்சல், மூச்சு வாங்குவது, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோள்பட்டையில் குத்தல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது: இவற்றில் எது வந்தாலும் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்து விடியும் வரை காத்திருக்காதீர்கள். உள்ளே கசிவாகவோ இரத்த உறைவாகவோ இருக்கலாம். அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே உடனே போங்கள்.

மாத்திரைகளில் இரண்டு விதமாகத் தவறுகிறோம். சாப்பிடக் கூடாததைச் சாப்பிடுகிறோம்: மூட்டுவலி, தலைவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை, குறிப்பாக பைபாஸ் ஆனவர்களுக்கு, இணைப்பில் புண்ணை உண்டாக்கும். புகைபிடிப்பதும் அப்படியே. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பழைய சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும்கூட அதே அளவில் தொடரக் கூடாது. எடை குறையும் முன்பே சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடும், பழைய அளவு மயக்கத்தில் கொண்டுவிடும். அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவர்தான், நாமாக நிறுத்திவிடவும் கூடாது.

சாப்பிட வேண்டியதை நிறுத்துகிறோம். உடம்பு தெம்பாக இருக்கிறதே என்று ஆறாவது மாதத்தில் வைட்டமின்களை விட்டுவிடுபவர்கள் ஏராளம். பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் இருப்பு இருக்கும் என்பதால் குறைவு உடனே தெரியாது. பாதம் மரத்துப்போய், இரத்தம் குறைந்து, அது வெளியே தெரியும்போது நரம்புகள் கெட்டிருக்கும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுக்க. கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றை ஒன்று தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபி, தேநீரோடு விழுங்குவதும் வீண்.

இளம் பெண்களிடம் பலர் சொல்லாமல் விடும் ஒரு செய்தி இருக்கிறது. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். மாதவிலக்கே ஒழுங்கில்லாமல் இருந்தவர்கள் எதிர்பாராமல் கருவுறுவதுண்டு. ஆனால் முதல் 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பம் தவிர்க்கப்பட வேண்டும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மதுவும் முன்பைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும்.

மூன்றாவது வாரத்தையொட்டி எடை சில நாட்கள் அசையாமல் நிற்கும். அக்கா தினமும் மூன்று முறை எடை பார்த்து அழுதார். பட்டினி கிடக்கவும் முயன்றார். அந்தத் தேக்கம் பலருக்கு வருகிறது, தானாகவே கலைகிறது. எடைக் கருவியை நான் பரணில் ஏற்றிவிட்டு, வாரம் ஒரு நாள் மட்டும் இறக்கினேன். பிறகு உறவினர் திருமணத்தில், "என்ன இப்படி வற்றிப்போய்விட்டாய்" என்று ஆளுக்கொரு கரண்டி இலையில் வைக்க வந்தார்கள். அம்மா எழுந்து அக்காவின் இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்து, "அவளுக்கு அரைக் கரண்டி கூட்டு போதும்" என்றார்.